தூரமும் சைக்கிளும்: ஊராரின் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வது?

தூரம் என்றால் என்ன என்று முள்ளிக்குளத்து மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2007 செப்டெம்பர் 8ஆம் திகதி ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இடங்களில் சிதறின. சொந்த ஊர் கடற்படைத் தளமானது. 2012இல் ஒரு பகுதியினர் ஊரை அண்டிய மலங்காட்டில் கொட்டில் போட்டுக் குடியேறினர். கோவில், வயல், குளம், கடல், பாடசாலை ஆகிய எல்லாமே ஒரு காலத்தில் நடந்து போகும் இடங்களாக இருந்தன. இடம்பெயர்ந்தபின் அவை ஒவ்வொன்றும் ஒரு பயணமாகிவிட்டன.

அந்தப் பயணத்திற்கு நம்மிடம் எப்போதும் இருந்த வாகனம் சைக்கிள். 1990இல் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டபோது நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே போயின. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 2022இல் பெற்றோலுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, சைக்கிளை மறந்திருந்தவர்களும் அதைத் தேடி ஓடினர். ஆனால் அதை ஊருக்குப் பயன்படும்படி வளர்க்க ஒரு சபையோ நிர்வாகமோ என்ன செய்யலாம் என்று நாம் அதிகம் சிந்தித்ததில்லை. இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

புதுக்கோட்டையில் நடந்தது

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் இருக்கிறது. நம்மைப் போலவே மழையையும் குளத்தையும் நம்பி விவசாயம் செய்யும் மக்கள் நிறைந்த மாவட்டம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு வேலை தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். மாவட்ட ஆட்சியர் என்பது நம் நாட்டு அரசாங்க அதிபரைப் போன்ற பதவி.

எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பெண்கள் ஊர் ஊராகப் போகவேண்டும். ஆனால் பஸ் இல்லை. அண்ணனோ கணவனோ கூட்டிப்போனால்தான் உண்டு. தன் விருப்பப்படி ஓர் இடத்துக்குப் போய்வர முடியாத பெண்ணுக்கு எழுத்து மட்டும் போதாது என்று அங்கே கண்டார்கள். ஆகவே சைக்கிள் ஓட்டுவதையும் எழுத்தறிவுப் பாடத்தின் ஒரு பகுதியாக்கினார்கள்.

ஊரில் கேள்விகள் எழாமல் இருக்கவில்லை. அவற்றுக்கு எப்படிப் பதில் கிடைத்தது என்பதே நாம் கற்க வேண்டியது.

“பொம்பிளைப் பிள்ளை சைக்கிள் ஓடினால் ஊர் என்ன சொல்லும்?” என்பது முதற் கேள்வி. கேலியும் கெட்ட பேச்சும் இருந்தன. ஒரு பெண் தனியாக ஓடினால் அவளைக் கேலி செய்யலாம். ஊரே ஓடினால் யாரைக் கேலி செய்வது? பயிற்சி முகாம்கள் ஊர் நடுவில், எல்லாரும் பார்க்க நடந்தன. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தைச் சுற்றி வந்தார்கள். அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் பார்த்து நிற்க நடந்த அந்த ஊர்வலம் எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய பதிலாக இருந்தது.

“வண்டி வாங்கக் காசு?” என்பது இரண்டாவது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளை நிர்வாகம் தூண்டியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு ஒதுக்கப்பட்டது.

“பெண்கள் சைக்கிள் கடையில் இல்லையே?” என்பது மூன்றாவது. ஆண்கள் சைக்கிளையே ஓட்டப் பழகினார்கள். பின்னர் பலர் அதையே விரும்பினார்கள். முன்பாரில் பிள்ளையை இருத்திக்கொண்டு போகலாம் அல்லவா!

சுமார் ஒரு இலட்சம் கிராமப் பெண்கள் அங்கே சைக்கிள் பழகினார்கள் என்று அந்த இயக்கத்தை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் குறிப்பிடுகிறார். விளைபொருளைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கவும், தண்ணீர் எடுக்கவும், பஸ்ஸுக்காகக் காத்திருந்து வீணான நேரத்தை மிச்சம் பிடிக்கவும் சைக்கிள் உதவியது. யாரையும் கேட்டு நிற்காமல் போய்வரலாம் என்ற தைரியம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இலாபம்.

இந்தியாவின் பீகார் மாநிலம் தரும் பாடமும் இதை ஒத்தது. 2006இல் அந்த அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் பயனை அளந்தனர். உரிய வயதில் இடைநிலைப் பாடசாலையில் சேர்ந்த மாணவிகளின் தொகை 32 சதவீதத்தால் கூடியது. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையில் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம் தெரிந்தது. தூரத்தில் வாழ வைக்கப்பட்ட நமக்கு இந்தக் கணக்கின் பொருள் நன்றாகவே விளங்கும்.

நம் ஊரின் கேள்விகள்

நாமும் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது நம்மவர் கேட்கக்கூடிய கேள்விகளை ஒளிக்காமல் முன்வைப்போம்.

1. சைக்கிளைத் தந்துவிட்டுக் காணியை மறந்துவிடுவார்களா? இது நியாயமான அச்சம். 2017 மார்ச் 23 முதல் ஏப்ரல் 29 வரை 38 நாட்கள் வெயிலில் இருந்து கேட்டபின்தான் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னும் குடும்பங்கள் நீண்ட காலம் காத்திருந்தன. சைக்கிள் தூரத்தைச் சுருக்கலாம். ஆனால் அந்தத் தூரம் எப்படி வந்தது என்ற கேள்வியைச் சுருக்க நாம் இடம் கொடுக்கக்கூடாது. ஆகவே பாதையோ சைக்கிளோ கேட்டு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், “இது எமது சொந்தக் காணிக்குத் திரும்பும் உரிமையைப் பாதிக்காது” என்ற ஒரு வசனத்தைச் சேர்ப்போம்.

2. யானை வந்தால்? வில்பத்துக் காட்டை அண்டி வாழும் நமக்கு இது கற்பனைப் பயம் அல்ல. பொழுது படுமுன் வீடு திரும்புவது, பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்புவது, பாதையோரப் பற்றைகளை வெட்டுவது என்பன முதற் காரியங்கள். வளைவுகளில் பற்றை வெட்டுவதையும் தெருவிளக்குப் போடுவதையும் சபையிடம் கேட்கலாம்.

3. மணலிலும் முள்ளிலும் சைக்கிள் எத்தனை நாள் ஓடும்? உடைமுள் குத்திய ரியூப்பை ஒட்டப் பல மைல் உருட்டிக்கொண்டு போனவர்கள் நம்மில் பலர். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு காற்றுப் பம், ஒட்டும் சாமான், சாவிகள் கொண்ட ஒரு பெட்டியை வைத்திருந்தால் போதும். இளைஞர் இருவர் பழகினால் அதுவே அவர்களுக்குச் சிறு தொழிலுமாகும். கடற்காற்றின் உப்பு செயினைத் தின்னும். வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுவோம்.

4. வேகமாக வரும் வாகனங்கள்? பாடசாலை அருகே வேகத்தைக் குறைக்கும் அடையாளங்களும், வீதியோரத்தில் மட்டமான மண் ஓரமும் கேட்கவேண்டும். இரவில் சைக்கிளுக்கு முன்னே விளக்கும் பின்னே சிவப்பு ஒளித்தட்டும் இருப்பது நம் பொறுப்பு.

5. ஓடமுடியாத முதியவர்கள், காலிழந்தவர்கள், கர்ப்பிணிகள்? இவர்களுக்குச் சைக்கிள் பதில் அல்ல, பஸ்தான் பதில். “உங்களிடம் சைக்கிள் இருக்கிறதே” என்று சொல்லி பஸ்ஸை நிறுத்த விடக்கூடாது.

யாரிடம் கேட்பது?

நம் உள்ளூராட்சிச் சபை முசலி பிரதேச சபை. பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகின்றன. வீதிகள் எல்லாம் ஒருவருடையவை அல்ல. ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. ஊர் உள்வீதிகள் பிரதேச சபைக்குரியவை. எந்த வீதி யாருக்குரியது என்று தெரியாமல் கொடுக்கும் மனு மேசைக்கு மேசை அலையும். தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம்.

சைக்கிளுக்கு வரி அறவிடும் அதிகாரமும் பிரதேச சபைக்கு உண்டு. பல சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் அது ஆண்டுக்கு 4 ரூபா, வியாபாரத்துக்குப் பயன்பட்டால் 18 ரூபா என்று இருக்கும். தொகை சிறிதுதான். ஆனால் சைக்கிளுக்கு வரி கேட்கக்கூடிய சபையிடம் சைக்கிள் போக நல்ல பாதை கேட்பது பிச்சை அல்ல. சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. சைக்கிளில் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் தாய் ஒருவர் அப்படிப்பட்ட குழுவில் இருந்தால், மேலே சொன்ன கேள்விகள் சபைக்குத் தாமாகவே போய்ச் சேரும்.

செய்யக்கூடிய ஒரு சிறு வேலை

ஒரு கொப்பியை எடுத்து ஒரு மாதத்துக்கு எழுதுவோம். யார் எங்கே போனார், எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம், வழியில் எந்த இடம் உடைந்திருந்தது, எந்த இடத்தில் பயந்தார் என்று குறிப்போம். பெண்களும் பிள்ளைகளும் சொல்வதைத் தனியாக எழுதுவோம். அந்தக் கொப்பியைக் கொண்டு பாதை கேட்கலாம். இடப்பெயர்வால் ஒவ்வொரு நாளும் நாம் இழப்பது எவ்வளவு என்று காணிக்காகப் பேசும்போதும் அதையே காட்டலாம்.

கேள்விகளைத் தொல்லை என்று எண்ணாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியத்தால் பதில் சொன்னதே புதுக்கோட்டையின் வெற்றி. நம் சபையிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுவே. கேள்விகளைச் சேர்த்துக் கொடுப்பது நம் பங்கு.

கூடிப் பேச

1. நம் ஊரில் சைக்கிள் ஓடத் தெரிந்தும் ஓடாத பெண்கள் யார்? அவர்களைத் தடுப்பது எது?
2. நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் வழியில் மிக ஆபத்தான மூன்று இடங்கள் எவை? அந்த வீதி யாருக்குரியது?
3. ஒட்டுப் பெட்டியை யார் வீட்டில் வைப்பது? யார் பழகுவது?
4. சைக்கிளால் தீராத தூரங்கள் எவை? அவற்றுக்கு யாரிடம் என்ன கேட்போம்?