எல்லாவற்றையும் ஒரே வேளையில் புதுப்பிக்கலாமா?

"மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதாதா? இதற்கு ஏன் இரவெல்லாம் விழித்திருக்கிறாய்?" என்று நம் மன்றத்து நண்பர்கள் கேட்பதுண்டு. இயற்பியல் படிக்க வந்த என் தலையில், எங்கள் துறையின் நாற்பது சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எப்படியோ விழுந்துவிட்டது. ஆகவே விடை கூறும் கடமையும் எனதே.

நாற்பதுக்கும் ஒரே கட்டளை இடுவது கடினமன்று. 2012-இல் வெளிவந்த ஆன்சிபிள் என்னும் கருவி இருக்கிறது. இன்ன மென்பொருள் இன்ன பதிப்பில் இருக்கவேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அது ஒவ்வொரு சர்வரிலும் நுழைந்து பார்க்கும். இல்லையேல் ஏற்றும், இருந்தால் வாளாவிருக்கும். இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து.

2024 ஜூலை 19-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டு நேரம் காலை 9.39. கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு உலகெங்கும் ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அக்கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. மென்பொருள் தந்தவையோ 20. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி, தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியில் மென்பொருள் கைவைத்தது. கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி வீழ்ந்தன. 78 நிமிடத்தில் கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் வீழ்ந்தவை, மைக்ரோசாப்ட் கணக்குப்படி, ஏறக்குறைய 85 லட்சம்! நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். வீழ்ந்தவற்றுள் பலவற்றில், ஒருவர் நேரில் சென்று அந்தக் கோப்பைக் கையால் அழிக்கவேண்டியிருந்தது.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமோ? அதுவும் ஆகாது. 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. இரண்டு திங்கள் கழித்து, மே 12-இல், அதே ஓட்டை வழியாக வான்னாகிரை புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. திருத்தத்தை ஏற்றாத கணிப்பொறிகளே அதற்கு இரையாயின.

எனவே நான் முதலில் சிலவற்றுக்கு மட்டும் ஏற்றுகிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் நாற்பதும் ஒரே பானையில் வெந்தவையல்ல. ஆதலால் பழையவற்றுள் ஒன்று, புதியவற்றுள் ஒன்று என எடுத்துக்கொள்கிறேன். ஒருநாள் பொறுத்துப் பார்த்து, பிறகு ஐந்து, பிறகு பத்து. ஆன்சிபிளில் 'சீரியல்' என்ற ஒரு சொல்லே இத்தொகுதிகளை வகுத்துவிடும். இத்தனை விழுக்காட்டுக்குமேல் தவறினால் மேற்செல்லாதே என்றும் சொல்லிவைக்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. லினக்ஸில் புதுக்கோப்பு வட்டில் வந்து அமர்ந்த பின்னும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழையதையே பற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தித் தொடங்கினால்தான் புதியது வரும். கெர்னல் மாறினாலோ, பெரும்பாலும் சர்வரையே நிறுத்தவேண்டும். அதில் யாரோ ஒருவரின் கணக்கு ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருக்கும்! புதுக்கணக்கு எதுவும் அங்கே போகாமல் தடுத்து, பழையது முடியும்வரை காத்திருப்பேன். ஓட்டை கொடியதாயின் காத்திருக்க மாட்டேன். உரியவரை எழுப்பிச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன்.

தேர்வு விடுமுறையில் கெர்னலை மாற்ற இருக்கிறேன். உங்களில் எவருடைய கணக்காவது அப்போது ஓடுமானால், நாளுக்கொரு முறை இடைநிலையைச் சேமித்துக்கொள்ளும்படி நிரலை இப்போதே திருத்தி வையுங்கள்.