மண்ணில் விழப் பயிலுதல்

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்துள்ளது போசரி. தொழிற்பேட்டையின் காரணமாகவே வெளியூரார் பலரும் அப்பெயரை அறிவர். பிழைப்பை நாடி அங்குச் சென்ற தமிழர்களுள் அடியேனும் ஒருவன். ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் தொழிற்சாலைகளைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். மல்யுத்தத்தைப் பற்றியே சொல்வார்கள்.

என் பன்னிரண்டு வயது மகனை அங்குள்ள ஒரு தாலீமில், அதாவது மல்யுத்தக் கூடத்தில், சேர்க்கச் சென்றேன். வஸ்தாத் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்களும் வரலாமே” என்றார். எனக்கு அப்போது வயது 39. சிரித்து மறுத்திருப்பேன். ஆனால் அதற்கு முந்தைய வாரம், கணக்கில் தவறு செய்த மகனை நோக்கி நான் கையை ஓங்கியபோது, அடி விழுமுன்னரே அவன் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவ்வசைவு அவனுக்குப் பழகிப் போயிருந்தது. அதைப் பழக்கியவன் நான். அந்தக் காட்சி என் நெஞ்சை விட்டு அகலாதிருந்ததால், மறுநாள் மாலை லங்கோடு வாங்கிக்கொண்டு போனேன்.

பயில்வான், வஸ்தாத், தண்டால், பஸ்கி ஆகியவை நாம் தமிழிலும் நெடுநாளாக வழங்கிவரும் சொற்களே. அவற்றை அங்கே கேட்டபோது அயலூர் என்னும் எண்ணம் பாதி நீங்கிற்று. மீதிப் பாதியை நீக்கியவர், சிந்தூரம் பூசி மூலையில் நின்ற மாருதி.

முதல் மாதம் எவரும் எனக்குப் பிடி எதையும் கற்பிக்கவில்லை. மண்வெட்டியைக் கொடுத்தார்கள். செம்மண்ணைச் சலித்து, மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்து கோதாவை அமைப்பர். அம்மண்ணை நாள்தோறும் கொத்திப் புரட்டி, அளவாக நீர் தெளிக்கவேண்டும். ஒரு வாரம் விட்டுவிட்டால் அது இறுகிவிடும். இறுகிய மண்ணில் விழுபவனுக்கு எலும்பு முறியும். பதஞ்சலி முனிவர் அப்பியாசத்துக்கு இலக்கணம் கூறுகையில் நீண்ட காலம், இடைவிடாமை, சிரத்தை என மூன்றையும் சேர்த்தே கூறுகிறார். முதலிரண்டும் எனக்கு எளிதாக வந்தன. பட்டறை வேலை அவற்றைப் பழக்கியிருந்தது. மூன்றாவது வரவில்லை. “மண்ணைக் கொத்தவா பணம் கட்டினேன்?” என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே கொத்தினேன்.

மராட்டிய மண் ஈந்த மல்லர் காஷாபா ஜாதவின் கதையை அங்கேதான் முழுமையாகக் கேட்டேன். காராட் அருகிலுள்ள கோலேஷ்வரில் 1926-இல் பிறந்தவர். மண்ணிலேயே பயின்ற அவர் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மெத்தையின்மீது போட்டியிட்டு ஆறாம் இடம் பெற்றார். ஊரில் பெரிய மல்லர் என்று பெயரெடுத்த பின்னர், மெத்தைக்கும் அதன் விதிகளுக்கும் தம்மை மீண்டும் மாணவராக்கிக்கொண்டார். 1952-இல் ஹெல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் வென்றார்; சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஆறாம் இடத்தோடு ஊர் திரும்பிய மனிதர், அந்த நான்கு ஆண்டுகளை எவ்வாறு கழித்திருப்பார் என்பதே எனக்குப் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

இரண்டாம் மாதம் கோதாவில் இறக்கப்பட்டேன். இறங்குமுன் மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்ளவேண்டும். வியர்வையில் பிடி வழுக்காதிருக்க, எதிரியின் உடம்பில் ஒரு பிடி மண்ணை நாமே பூசவேண்டும். நம்மைப் பிடிப்பதற்கு வேண்டிய பிடிமானத்தை எதிரியும் அவ்வாறே பெறுகிறான். என்னுடன் மோத நிறுத்தப்பட்டவனுக்குப் பதினேழு வயது. தோபி பச்சாட் என்னும் முறையில், சலவைக் கல்லில் துணியை அறைவதுபோல் என்னைத் தோள்மீது சுழற்றி மல்லாத்தினான். ஒரே மாலையில் ஒன்பது முறை. பத்தாம் முறை எனக்குள் அந்தப் பழைய சினம் எழுந்தது. முறையற்று அவன் கழுத்தை இறுக்கினேன். வஸ்தாத் கைதட்டி நிறுத்தினார். திட்டுவார் என எதிர்பார்த்தேன். “மண் இறுகிவிட்டது, போய்க் கொத்துங்கள்” என்றார். மண் இறுகியிருக்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும், என் மகன் உட்பட, அதை அறிவார்கள்.

அதன்பின் நான் விளையாட்டைக் கவனிக்கத் தொடங்கினேன். நூறு கிலோ எடையுள்ள பயில்வான் ஒருவர், முப்பது கிலோ சிறுவனுடன் பயிற்சி செய்வதைத் தினமும் காணலாம். அவன் இழுக்கும் அளவுக்கே அவரும் இழுப்பார். பிடி சரியாக விழுந்தால் தாமே சாய்ந்து கொடுப்பார். தவறாக விழுந்தால் மலைபோல் அசையாது நிற்பார். அவன் எலும்பு தாங்கும் பாரம் எவ்வளவு என்பது அவர் கைகளுக்குத் தெரிந்திருந்தது. என் கைகளுக்கு அது தெரியாது. வலிமை குறைவாக இருந்ததால் அன்று; அளக்கக் கற்காததால்.

ஓராண்டு சென்றது. சினம் முற்றிலும் ஒழிந்தது என்று எழுதினால் பொய்யாகும். இப்போதும் பட்டறையில் குரல் உயரும். வீட்டில் கை உயர்வதில்லை.

மழைக்காலத்து மாலையொன்றில் ஆள் குறைவாக இருந்தது. வஸ்தாத் என்னையும் மகனையும் எதிரெதிரே நிறுத்தினார். நான் குனிந்து அவன் தோளில் மண்ணைப் பூசக் கையை உயர்த்தினேன். அவன் முகத்தை மறைக்கவில்லை. தானும் ஒரு பிடி மண்ணை அள்ளி என் மார்பில் அப்பினான்; பிறகு, சற்றும் தாமதியாமல், என் காலைப் பிடித்தான்.