குரலை மீட்ட கலைஞர்

பாலக்காடு மாவட்டத்தில் கொல்லங்கோட்டிற்கு அருகே வடவன்னூர் என்னும் சிற்றூர் உள்ளது. வயல்கள் சூழ்ந்த அவ்வூரில் பழைய வீடு ஒன்று நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் அதனைக் காண வருகின்றனர். அது, தமிழ் நாடக மேடையில் சிறுவனாக ஏறித் திரையுலகில் பெரும்புகழ் பெற்ற எம். ஜி. இராமச்சந்திரனின் தாய்வழிக் குடும்ப வீடாகும். மக்கள் அவரை எம்.ஜி.ஆர். என்று அழைத்தனர். வறுமையும், நெடுங்காலக் காத்திருப்பும், இறுதியில் தம் குரலையே இழக்கும் நிலையும் அவருக்கு நேர்ந்தன. அவற்றை அவர் எதிர்கொண்ட வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

மலைநாட்டில் பிறந்த குழந்தை

எம்.ஜி.ஆர். 1917ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள், இலங்கையின் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை மேலக்கத்து கோபால மேனன். தாய் மருதூர் சத்தியபாமா. பாலக்காட்டு மண்ணைச் சேர்ந்த அக்குடும்பம் பிழைப்பின்பொருட்டுக் கடல் கடந்து சென்றிருந்தது.

நாவலப்பிட்டியைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. இடுக்கியின் மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் உருவானபோது, தமிழகத்து ஊர்களிலிருந்து உழைப்பாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். இலங்கை மலைநாட்டின் வரலாறும் அத்தகையதே. பிறந்த மண் ஒன்று, வாழும் மண் வேறு என்னும் நிலை அங்கிருந்தோர் பலருக்கும் பொதுவாக இருந்தது. எம்.ஜி.ஆர். குடும்பமும் அதற்கு விலக்கன்று.

குழந்தைப் பருவத்திலேயே அவர் தந்தையை இழந்தார். தாய் தம் பிள்ளைகளுடன் தாயகம் திரும்பினார். பின்னர் அவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்தனர். அண்ணன் சக்கரபாணியும் தம்பி இராமச்சந்திரனும் அங்கே பள்ளியில் சேர்ந்தனர். வீட்டில் மலையாளம் பேசிய சிறுவர்கள் பள்ளியிலும் தெருவிலும் தமிழ் கற்றனர். ஆயினும் அப்படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பசி அவர்களைப் பள்ளியிலிருந்து நாடகக் கொட்டகைக்கு அனுப்பியது.

பாலர் நாடகக் கம்பெனி

அக்காலத்தில் சிறுவர்களை மட்டுமே கொண்டு நாடகம் நடத்திய குழுக்கள் தமிழகத்தில் பல இருந்தன. அவை பாலர் நாடகக் கம்பெனிகள் எனப்பட்டன. நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் அத்தகைய சபை ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற நடிகர்கள் பலர் இத்தகைய குழுக்களில் பயின்றவர்களே.

எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். கம்பெனியில் சேர்ந்த சிறுவனுக்கு உணவும் தங்குமிடமும் கிடைத்தன. ஏழைத் தாய்மார் பலர் தம் பிள்ளைகளைக் கண்ணீருடன் அங்கே அனுப்பியதற்கு அதுவே காரணம்.

கம்பெனியின் பயிற்சி கடுமையானது. பாட்டு, வசனம், ஆடல், சிலம்பம், வாள்வீச்சு ஆகிய அனைத்தையும் சிறுவர்கள் கற்க வேண்டும். கற்பிப்பவரை ‘வாத்தியார்’ என்று அழைப்பர். அன்று ஒலிபெருக்கி பரவலாக இல்லை. ஆகவே கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரும்படி பேசப் பழக வேண்டும். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். கதைத்தலைவன் வேடத்திற்கு ‘ராஜபார்ட்’ என்றும், பெண் வேடத்திற்கு ‘ஸ்திரீபார்ட்’ என்றும் பெயர். ஓர் ஊரில் நாடகங்கள் முடிந்ததும், திரைச்சீலைகளையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுவர்.

தமிழ் இசை நாடகக் குழுக்கள் கேரளத்து ஊர்களுக்கும் சென்று நாடகம் நடத்தின. அவற்றைப் பின்பற்றி மலையாளத்திலும் இசை நாடகங்கள் தோன்றின. எல்லைக்கோடு கலையைத் தடுத்ததில்லை என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

நாடகச் சிறுவர்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் எப்போதும் இருந்தது. வளரும் பருவத்தில் ஆண்பிள்ளையின் குரல் உடைந்து மாறும். இதனை ‘மகரக்கட்டு’ என்பர். பாடிப் புகழ்பெற்ற சிறுவன், குரல் உடைந்தவுடன் தன் வேடத்தை இழந்துவிடுவான். நடிகனுக்குக் குரலே முதல் என்னும் பாடத்தை எம்.ஜி.ஆர். இளமையிலேயே கண்கூடாகக் கற்றார்.

பதினோர் ஆண்டுக் காத்திருப்பு

தமிழில் பேசும் படங்கள் தோன்றியதும் நாடக நடிகர்கள் திரையுலகை நாடினர். 1936ஆம் ஆண்டு வெளிவந்த ‘சதி லீலாவதி’ எம்.ஜி.ஆரின் முதல் படம். அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் அறியாத அவர் தமிழ்ப் படங்கள் பலவற்றை இயக்கினார் என்பது வியப்பிற்குரியது. அப்படத்தின் கதைத்தலைவன் ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக வேலை செய்கிறான். அத்தகைய மலைநாட்டில் பிறந்த எம்.ஜி.ஆருக்கோ அதில் காவல்துறை ஆய்வாளராகச் சிறு வேடமே கிடைத்தது.

அதன்பின்னும் சிறு வேடங்களே வந்தன. 1941இல் ‘அசோக் குமார்’, 1945இல் ‘மீரா’ போன்ற படங்களில் அவர் துணை நடிகராகவே தோன்றினார். அக்காலத்தில் கதைத்தலைவனாக நடிப்பவர் சிறந்த பாடகராகவும் இருத்தல் வேண்டும். எம்.கே. தியாகராச பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அவ்வாறே புகழ்பெற்றனர். எம்.ஜி.ஆரோ பாடகர் அல்லர். ஆகவே தாம் நன்கு அறிந்த கலைகளை அவர் மேலும் கூர்மைப்படுத்தினார். வாள்வீச்சும் சிலம்பமும் உடற்பயிற்சியும் நாள்தோறும் தொடர்ந்தன.

1947ஆம் ஆண்டு ஜூபிடர் நிறுவனத்தின் ‘ராஜகுமாரி’ படத்தில் அவர் முதன்முறையாகக் கதைத்தலைவன் ஆனார். அப்போது அவர் வயது முப்பது. முதல் படத்திற்கும் இதற்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கடந்திருந்தன.

புகழின் உச்சி

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 1954இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் புதினத்தைத் தழுவிய அப்படம், வாளையாறு கடந்தால் எட்டிவிடும் கோயம்புத்தூரில், பட்சிராஜா நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ஆகும். 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்தை அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார்.

1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜெனோவா’ தமிழிலும் மலையாளத்திலும் எடுக்கப்பட்டது. மலையாளப் படத்தில் எம்.ஜி.ஆருக்கு வேறொருவர் பின்னணிக் குரல் கொடுத்தார். வீட்டுமொழி மலையாளமாயினும், அவருடைய நடிப்பின் மொழியாகத் தமிழே அமைந்தது. வளர்ந்த மண்ணின் மொழியை அவர் பயிற்சியால் தம் மொழியாக்கிக்கொண்டார்.

திரையில் புகழ் பெற்ற பின்னும் அவர் மேடையைக் கைவிடவில்லை. தம் நாடகக் குழுவுடன் ஊர்தோறும் சென்றார். 1959இல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தில் நடித்தபோது கால் எலும்பு முறிந்தது. குணமடைந்து மீண்டும் வாள் ஏந்தி நடித்தார்.

குரலுக்கு நேர்ந்த சோதனை

1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. சென்னையில் அவர் இல்லத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் குண்டு அவர் கழுத்துப் பகுதியில் பாய்ந்தது. மருத்துவர்கள் உயிரைக் காத்தனர். ஆயினும் அவருடைய பேச்சு முன்போல் இல்லை. கணீரென ஒலித்த குரல் கரகரத்தது. சொற்கள் குழறின.

கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசப் பழகிய நாடக நடிகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன? திரைத்துறையில் எளிய வழி ஒன்று இருந்தது. நல்ல குரல் உடைய ஒருவரைப் பின்னணியில் பேசச் செய்யலாம், திரையில் எம்.ஜி.ஆர். வாயசைத்தால் போதும். அவர் அவ்வழியை ஏற்கவில்லை. இடைவிடாது பேசிப் பழகினார். தேறிய பின், மாறிய தம் குரலிலேயே நடித்தார். அதே ஆண்டில் வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் காயத்திற்கு முன்பிருந்த குரலையும் பின்பு வந்த குரலையும் கேட்க முடியும். குறையை மறைக்காமல் வந்து நின்ற கலைஞரை மக்கள் முன்னிலும் மிகுதியாக நேசித்தனர்.

1969இல் அவர் தயாரித்த ‘அடிமைப்பெண்’ படத்தில் ஒரு காட்சி கருதத்தக்கது. சிறையில் வளர்ந்து, முதுகு கூனி, பேசவும் அறியாத இளைஞனாக அவர் நடித்தார். அவ்விளைஞன் சிறிது சிறிதாகப் பேசக் கற்று நிமிர்கிறான். பேச்சின் அருமையைத் தம் வாழ்வில் உணர்ந்தவர் நடித்த காட்சி அது.

1971இல் வெளிவந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திற்காக இந்திய அளவில் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்த் திரை நடிகர் அவரே. உடைந்த குரலுடன் பெற்ற விருது அது.

மக்கள் பணி

1977ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அவருடைய கடைசிப் படம் 1978இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருடைய அரசு தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. தந்தை பெரியார் முன்பே வலியுறுத்திய சீர்திருத்தம் அது. அதனால் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் எளிதாயிற்று. இன்று மாணவர்கள் ணை, லை, ளை, னை என எழுதுவது அச்சீர்திருத்தத்தின் பயனே. 1981இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

காமராசர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியிருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பசியால் பள்ளியை விட்டு நாடகக் கம்பெனிக்குச் சென்ற சிறுவன், பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளித்தான் என்பது நினைக்கத்தக்கது.

1984இல் நோயுற்று அமெரிக்காவில் சிகிச்சை பெற்றபோது அவர் பேச்சு மீண்டும் பாதிக்கப்பட்டது. இடுக்கி எல்லையை ஒட்டிய தேனிப் பகுதியின் ஆண்டிப்பட்டித் தொகுதி மக்கள், நேரில் வர இயலாத அவரைத் தேர்தலில் வெற்றி பெறச் செய்தனர். 1987 திசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார். 1988இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

தம் இராமாவரம் தோட்டத்தை, பேச்சும் கேள்வியும் குறைந்த பிள்ளைகளின் நலனுக்கென அவர் உயிலில் எழுதிவைத்திருந்தார். அங்கே இன்று அப்பிள்ளைகளுக்கான பள்ளி நடைபெறுகிறது. நாடகக் கம்பெனியில் வாத்தியாரிடம் பாடம் கேட்டவரை, மக்களும் ‘வாத்தியார்’ என்றே அன்புடன் அழைத்தனர். குரல் குன்றிய பின்னும் பேசுவதை நிறுத்தாத அவர் வாழ்க்கை அப்பெயருக்குப் பொருந்துவதாகும்.

அருஞ்சொற்பொருள்

சிற்றூர் – சிறிய ஊர்
மகரக்கட்டு – வளரும் பருவத்தில் ஆண்குரல் உடைந்து மாறுதல்
கண்கூடாக – நேரில் கண்டு
புதினம் – நாவல்
தழுவிய – அடிப்படையாகக் கொண்ட
உயில் – இறப்பிற்குப் பின் உடைமை யாரைச் சேரும் என எழுதும் ஆவணம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எம்.ஜி.ஆர். பிறந்த ஊர் எது? அவர் குடும்பம் எப்பகுதியைச் சேர்ந்தது?
2. பாலர் நாடகக் கம்பெனியில் சிறுவர்கள் எவற்றைக் கற்றனர்?
3. நாடகச் சிறுவர்கள் மகரக்கட்டுக்கு அஞ்சியது ஏன்?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. 1967ஆம் ஆண்டிற்குப் பின் எம்.ஜி.ஆர். பிறர் குரலை ஏற்காமல் தம் குரலிலேயே நடித்தது சரியா? காரணம் காட்டி எழுதுக.
2. இலங்கை மலைநாட்டிற்கும் இடுக்கி மலைப்பகுதிக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.
சிற்றூர், நினைவில்லம், பேச்சறியாத, கண்ணீர்

ஈ. ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் வரும் சொற்கள் மும்மூன்று எழுதுக.

உ. செயல்பாடு
உன் குடும்பம் எந்த ஊரிலிருந்து எப்போது இங்கு வந்தது என்பதைத் தாத்தா, பாட்டியிடம் கேள். அவர்கள் சிறுவயதில் பார்த்த நாடகம் அல்லது கூத்தைப் பற்றியும் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வகுப்பில் படித்துக் காட்டு.