மழைக்காலத்தில் துன்ஹிந்தவுக்குப் போகலாமா?

பதுளை நகரிலிருந்து மஹியங்கனை வீதியில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சென்றால், துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கான நடைபாதை தொடங்குகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் ஓரமாக, மரநிழலில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். சிறுவரும் நடக்கக்கூடிய பாதைதான். வழியில் குடா துன்ஹிந்த எனும் சிறிய வீழ்ச்சியையும் காணலாம். பாதையின் முடிவில் பதுளு ஓயா 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அங்கு புகைபோல எழும் நீர்த்திவலையே இதற்குப் பெயர் தந்தது என்பர்.

மழைக்காலத்தில்தான் இந்த வீழ்ச்சி அழகு. அதே காலத்தில்தான் பெற்றோர் "போக வேண்டாம்" என்பர். அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையும் நாம் அறிய வேண்டும். உயர்தரத்தில் புவியியல் கற்கும் மாணவி என்ற வகையில், பாடத்தில் படித்ததை இந்தப் பாதையில் பொருத்திப் பார்க்கிறேன்.

எது மழைக்காலம்?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிடுகிறது. மலைகளைக் கடந்து ஊவாவுக்கு வரும்போது அது வறண்ட கச்சான் காற்றாகிவிடும். பதுளைக்கு ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவப்பெயர்ச்சி மழையும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் கிடைக்கின்றன. இடைப்பருவ மழை பெரும்பாலும் மேற்காவுகை மழையாகும். காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்க, பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும். ஆகவே காலையிலேயே நடந்து, லுஹருக்கு முன் திரும்புவது நல்லது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

கடந்த டிசம்பரில் வாப்பா, உம்மா, ராத்தாவுடன் சென்றபோது பதுளையில் நல்ல வெயில். ஆனால் ஆறு பால்தேநீர் நிறத்தில் ஓடியது. "இங்கே மழையே இல்லையே?" என்று ராத்தா கேட்டார். "மேலே பெய்திருக்கும் மகள்" என்றார் வாப்பா. பார்வைத்தளத்திலிருந்து மட்டுமே பார்த்தோம். ஆற்றில் எவரும் இறங்கவில்லை.

வாப்பா சொன்னதே நீரேந்துப் பிரதேசம் பற்றிய பாடம். நம் தலைக்கு மேலுள்ள வானம் அல்ல, ஆற்றுக்கு நீர் வரும் மலைகளின் வானமே முக்கியம். சரிவு செங்குத்தாகவும் மண் ஏற்கனவே நனைந்தும் இருந்தால், மழைநீர் நிலத்துள் இறங்காமல் விரைவாக ஆற்றை அடையும். வெயிலில் நிற்கும் நம்மிடம் வெள்ளம் முன்னறிவிப்பின்றி வந்தது போலத் தோன்றும்.

ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. "முழங்கால் அளவுதானே" என்று இறங்குவோர் ஆழத்தைப் பார்க்கின்றனரே தவிர வேகத்தைப் பார்ப்பதில்லை.

ஆறு தரும் அடையாளங்கள்

1. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல்.
2. இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வருதல்.
3. நீரின் இரைச்சல் கூடுதல்.
4. முன்பு தெரிந்த கல் மூழ்குதல். போனவுடன் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களை எடுக்க நிற்காமல் மேட்டுப்பக்கம் ஏறிவிட வேண்டும்.

பாதையில்

நனைந்த கல்லில் வழுக்காத சப்பாத்து அணியுங்கள், செருப்பு உதவாது. அபாயா அணிவோர் அதன் ஓரம் காலில் சிக்காதவாறு கணுக்கால் அளவில் அணிந்து, உள்ளே நீள் காற்சட்டை போட்டுக்கொண்டால் படிகளில் தடுமாற மாட்டீர்கள். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல், அது ஒட்டியுள்ள இடத்தில் நகத்தை வைத்துத் தள்ளி அகற்றுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பதார்த்தத்தை அது செலுத்துவதால் சற்று நேரம் இரத்தம் கசியும். சவர்க்காரமிட்டுக் கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும்.

பதுளை மண்சரிவு மாவட்டம் என்பதையும் மறக்கலாகாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் சரிந்து தோட்டக் குடியிருப்புகளையே மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்கலாம்.

அன்புப் பெற்றோரே, "வேண்டாம்" என்ற சொல் நீங்கள் அருகிலிருக்கும் வரைதான் காக்கும். நாளை பல்கலைக்கழகத்திலும் தொழிலிடத்திலும் தோழியரோடு நாங்கள் வேறு ஆறுகளின் கரையில் நிற்போம். அப்போது எங்களைக் காக்கப்போவது, அல்லாஹ்வின் உதவியால், நாங்கள் கற்ற அறிவே. ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்தானே தவக்குல்? ஒருமுறை எங்களை அழைத்துச் சென்று, கரையில் நிறுத்தி, ஆற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.