டயலிசிஸ் ஊசி குத்துமுன் சொல்லிவிடுங்கள்

கிழமைக்கு இரண்டு மூன்று தரம் டயலிசிஸுக்குப் போய் வருகிறவர்களும் அவர்களோடு கூடப் போகிறவர்களும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது லயத்துப் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டார். சொன்னால் மெஷினில் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வாயே திறக்கவில்லை. கூடப் போன மகள்தான் நேர்ஸிடம் சொன்னாள். நல்ல வேளை.

டயலிசிஸில் நம்முடைய ரத்தம் வெளியே வந்து குழாயிலும் பில்டரிலும் ஓடித் திரும்புகிறது. வெளியே வந்த ரத்தம் உறையத்தான் பார்க்கும். உறைந்தால் பில்டர் அடைத்து, உள்ளே இருக்கிற ரத்தமும் வீண். அதனால் வழக்கமாக ஹெப்பரின் என்ற மருந்து கொடுப்பார்கள். அதற்கு மெஷின் எது, மண்டை எது என்று தெரியாது. உடம்பு முழுக்க வேலை செய்யும். தலைக்குள் சிறு கசிவு இருந்தால் பெரிதாகிவிடும். விழுந்தது தெரிந்தால் டாக்டர் மருந்தைக் குறைப்பார், அல்லது அது இல்லாமலே, இடைக்கிடை சேலைன் விட்டுக் குழாயைக் கழுவி ஓட்டச் சொல்வார். அந்த மனிதருக்கும் தலையைப் பரிசோதித்த பிறகு அப்படித்தான் செய்தார்கள். திருப்பி அனுப்பவில்லை.

பல் பிடுங்கியது, மூக்கில் ரத்தம் வந்தது, மலம் கறுப்பாகப் போனது, மாதவிடாய் அதிகமானது, போன தடவை ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமானது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மலையில் அட்டை கடித்து ரத்தம் நிற்கவில்லை என்றால் அதையும்தான். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஹெப்பரின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். வார்பரின் குளிசை அப்படியல்ல. இருதய வால்வு மாற்றியவர்கள் போன்ற சிலருக்கு அதுவும் இருக்கும். அளவை மாற்றினால் பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் வைக்கப் பார்ப்பார்கள். சிலருக்கு டாக்டர் வேறு அளவு சொல்வார். அந்தக் கொப்பியை டயலிசிஸுக்கும் கொண்டு போங்கள். "அது வேற கிளினிக் கொப்பிதானே சார்" என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மேல்வலிக்குக் கடையில் அஸ்பிரின், டைக்ளோபெனாக் வாங்கிப் போடாதீர்கள். வார்பரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் ஊசி இடத்தில் ரத்தம் வந்தால் இரண்டு விரலால் அந்த இடத்தையே அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். துவாயைச் சுற்றி மூடினால் ரத்தம் ஓடுவது தெரியாது. நிற்காவிட்டால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசு இல்லை. லயத்தில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.