கேஸ் எழுதுமுன் எழுதவேண்டிய ஒரு வரி

மாநாட்டு அறிவிப்பு வந்ததும் முதுநிலை மருத்துவ மாணவர்கள் வார்டில் தேடத் தொடங்குவது அபூர்வ நோயைத்தான். பெயரே வாயில் நுழையாத சிண்ட்ரோம், பாடநூலில் அடிக்குறிப்பாக மட்டும் வரும் கட்டி என்று ஏதாவது சிக்கினால் கொண்டாட்டம். சிக்காவிட்டால், 'நம்ம ஆஸ்பத்திரிக்கு என்ன பெரிய கேஸ் வருது' என்ற புலம்பல். தேடலே தவறான இடத்தில் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் கட்சி. அபூர்வ நோயைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகும் டாக்டர் அதை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அவருக்கு அதனால் என்ன லாபம்? நாளை ஓ.பி.யில் அவர் எதை மாற்றிச் செய்யவேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல முடிகிற கேஸ்தான் அனுப்பத் தக்கது. ஆகவே முதல் வேலை, மாநாட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தின் முதல் சொல்லைத் தட்டச்சு செய்யுமுன் அந்த ஒரு வரியைத் தாளில் எழுதுவது. வரி வரவில்லையென்றால் அந்த கேஸை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஓர் உதாரணத்தைக் கட்டிப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் மழைக்காலத்தை ஒட்டித் தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனையிலும் நடக்கக்கூடியது. ஆறு நாள் காய்ச்சலோடு நாற்பதுகளில் உள்ள ஒரு பெண் வருகிறார். தட்டணுக்கள் குறைவு, கல்லீரல் என்சைம்கள் அதிகம். டெங்குவாக இருக்கும் என்று சேர்க்கிறார்கள். மறுநாள் மூச்சுத்திணறி ஐ.சி.யு.வுக்குப் போகிறார். அங்கே உடல் முழுவதையும் மறுபடி பரிசோதிக்கும்போது மார்பகத்துக்கு அடியில் ஒரு கறுத்த பொருக்கு தென்படுகிறது, சிகரெட்டால் சுட்ட வடுவைப் போல. எஸ்கார். நோய் ஸ்க்ரப் டைஃபஸ். டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குகிறது. இதை 'ஸ்க்ரப் டைஃபஸ்: ஒரு கேஸ் ரிப்போர்ட்' என்று அனுப்பினால் யாரும் சீந்தமாட்டார்கள். ஆனால் இதற்குள் ஒரு வரி ஒளிந்திருக்கிறது: எஸ்கார் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி அதைச் சொல்லமாட்டார்; ஆடை மறைக்கும் இடங்களைச் சேர்த்த அன்றே பார்க்கவேண்டும். இனி எழுதப்போகும் ஒவ்வொரு வாக்கியமும் இந்த வரிக்கு வேலை செய்யவேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பத்து ஆண்டுக்கு முன் நடந்த குடல்வால் அறுவை இதற்கு எந்த வேலையும் செய்யவில்லை, வெட்டலாம். முதல் பரிசோதனையில் எந்தெந்த இடம் பார்க்கப்படவில்லை என்பதோ கட்டாயம் வேண்டும், சற்றுக் கூச்சமாக இருந்தாலும்.

சான்றுகளின் படிநிலையில் தனி கேஸுக்குக் கடைசிப் படிதானே, இதற்கு இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஒரு நோயாளியை வைத்து எந்த மருந்து சிறந்தது என்று நிறுவ முடியாது, உண்மை. ஆனால் அந்த வேலைக்காக யாரும் கேஸ் எழுதுவதில்லை. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் வந்த குறிப்பு, லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவைப் பற்றியது. அதுவரை திடமாக இருந்தவர்களுக்கு இது வரக்கூடாதே என்பதுதான் அதன் சாரம். எய்ட்ஸ் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் பக்கம் அதுதான். அங்கே கவனிக்கவேண்டியது அடக்கம்: செல்வழி நோயெதிர்ப்பில் குறை இருக்கக்கூடும் என்று சாத்தியத்தைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் முடிவுரையும் அந்த அளவில் நிற்கட்டும். 'நிரூபிக்கிறது' என்ற சொல் வரும் இடத்தில் 'சந்தேகிக்க வைக்கிறது' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும்.

அடுத்த வேலைக்கு நேரம் முக்கியம்: நோயாளி வார்டில் இருக்கும்போதே செய்யவேண்டும். கெடுவுக்கு முந்தின இரவில் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் கிடைப்பது சம்மரியின் சம்மரிதான். 1906 நவம்பர் 3 அன்று ட்யூபிங்கன் நகரில் தென்மேற்கு ஜெர்மனி மனநல மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் ஆலோய்ஸ் ஆல்ட்ஸைமர் ஒரே ஒரு பெண்ணின் கேஸை வாசித்தார். அவையில் யாரும் கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் கேஸ் நின்றதற்குக் காரணம், 1901-இல் அவர் ஃப்ராங்க்ஃபர்ட்டில் அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விகளையும் அவர் சொன்ன பதில்களையும் அன்றன்றைக்கே எழுதி வைத்திருந்தது. இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டையும் சேர்த்துப் படிக்க முடிந்தது. நமக்கும் அதுவே வழி. எஸ்காரை அளவுகோல் வைத்துப் படமெடுப்பது, காய்ச்சல் அட்டவணையைப் பிரதி எடுப்பது, எலைசாவுக்கு ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று குறிப்பது, எல்லாம் அப்போதே முடியவேண்டும்.

ஒப்புதலும் அப்படித்தான். சிகிச்சைக்குக் கொடுத்த கையெழுத்து இதற்குச் செல்லாது. மாநாட்டில் காட்டவும் பின்னர் அச்சிடவும் சம்மதம் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் தனிப் படிவம் வேண்டும். இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடம் கேட்கவேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி அல்லது விலக்குக் கடிதம் தேவையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்பது வழக்கமான வாதம். போதாது. ஊர், தொழில், வயது, சேர்ந்த தேதி நான்கையும் ஒன்றாகச் சொன்னால் அந்த ஊர்க்காரர் அரை நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். தேதிக்குப் பதில் 'காய்ச்சலின் ஆறாம் நாள்', 43 வயதுக்குப் பதில் 'நாற்பதுகளில் உள்ள பெண்'. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது அடையாளத்தைக் காக்காது என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு தன் பரிந்துரைகளிலேயே சொல்கிறது. இன்னொரு கண்ணியும் உண்டு: எக்ஸ்ரே மூலையில் உள்ள பெயரையும் ஐ.பி. எண்ணையும் பவர்பாயின்டில் 'க்ராப்' செய்துவிட்டதாக நினைப்போம். வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும், வாங்கியவர் இழுத்தால் திரும்ப வந்துவிடும். படத்தை முதலில் வேறு மென்பொருளில் வெட்டிச் சேமித்துவிட்டு அப்புறம் ஸ்லைடில் ஒட்டுங்கள்.

எழுதுமுன் பப்மெட்டில் ஒரு மாலையாவது தேடவேண்டும். 'உலகிலேயே முதல் கேஸ்' என்று எழுதும் ஆசைக்கு இதுவே மருந்து. நம் உதாரணத்தில் வேறொரு பயனும் கிடைக்கும். தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று இந்தியாவில் பல மையங்களில் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நம் நோயாளிக்கு ஒரு மருந்துதான் கொடுக்கப்பட்டது என்றால், ஏன் என்று கேட்க அவையில் ஒருவராவது இருப்பார். பதிலைச் சுருக்கத்திலேயே வைத்துவிடுவது நல்லது.

எழுதும்போது, கேஸ் ரிப்போர்ட்டுகளுக்கென 2013-இல் வெளியான 'கேர்' நெறிகளின் 13 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; விட்டுப்போனது எது என்று காட்டும். ஆனால் 250 சொல்லோ 300 சொல்லோதான் இடம் என்றால் பட்டியல் முழுவதும் அடங்காது, அடக்கவும் முயலவேண்டாம். அறிமுகத்துக்கு இரண்டு வாக்கியம். 'ஸ்க்ரப் டைஃபஸ் ஒரு ரிக்கெட்சியல் நோய்' என்று படிப்பவருக்குத் தெரிந்ததைச் சொல்லி இடத்தை வீணாக்குவதுதான் வழக்கத்தில் உள்ள குற்றம். பாதிக்கு மேல் கேஸுக்கு, அதுவும் நடந்த வரிசையில்: டெங்கு என்று ஏன் நினைத்தீர்கள், எது அந்த நினைப்பை உடைத்தது. 'எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன' என்று எழுதாமல், முடிவை மாற்றிய எண்களை மட்டும் அலகோடு தாருங்கள். மிச்சம் கலந்துரைக்கு, அதன் கடைசி வாக்கியம் முதலில் தாளில் எழுதிய அந்த வரி. பிறகு தலைப்பு. கேர் நெறி தலைப்பில் நோயின் பெயரும் 'கேஸ் ரிப்போர்ட்' என்ற சொற்களும் வேண்டும் என்கிறது. சில மாநாடுகள் நோயை மறைத்த தலைப்பை விரும்புகின்றன. அறிவிப்பில் உள்ளதே சட்டம்.

ஆசிரியர் வரிசையை முதல் வரைவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பது சரியல்ல. இதை ஜூனியர் சொல்வது எளிதல்ல என்பதும் தெரிந்ததுதான். எல்லோருக்கும் வரைவை அனுப்பி, திருத்தத்தையும் சம்மதத்தையும் எழுத்தில் கேட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். பதிவேற்றும் நாளில் சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்: பெயர் தெரியாமல் மதிப்பிடும் மாநாட்டில் சுருக்கத்துக்குள் மருத்துவமனைப் பெயரை எழுதுவது, வாசிப்பவர் பதிவுக் கட்டணம் கட்ட மறப்பது. மாநாட்டில் வாசித்துவிட்டால் இதழில் போட முடியாதோ என்று தயங்குபவர்கள் உண்டு. மாநாட்டுச் சுருக்கமோ போஸ்டரோ பொதுவாக இரட்டை வெளியீடாகக் கொள்ளப்படுவதில்லை. இதழுக்கு அனுப்பும் கடிதத்தில் எந்த மாநாட்டில், எந்தத் தேதியில் வாசித்தது என்று சொல்லிவிட்டால் போதும். அப்போது முதலில் கேட்கப்படப்போவது கையெழுத்திட்ட அந்த ஒப்புதல் படிவம். கேஸ் ஷீட்டோடு ரெக்கார்டு அறைக்குப் போய்விடாமல் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.