கண்ணுக்குள் ஒரு குருட்டுப் புள்ளி

சென்ற இரண்டு இதழ்களில் நாக்கையும் காதையும் பார்த்தோம். இந்த இதழில் கண். வழக்கம்போல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம். அதனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ உரக்கப் படிக்க, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நல்லது. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் அளவுகோலும் கையருகே இருக்கட்டும்.

முதலில் பெயர்கள். ஊரில் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்த பெற்றோர் பலர், "எங்க காலத்துப் பாடம் வேற, இவங்க பாடம் வேற" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்கவே வேண்டாம். பிள்ளைகள் ரெடினா என்று சொல்வது நீங்கள் படித்த விழித்திரை. ஆப்டிக் நெர்வ் என்பது பார்வை நரம்பு. ப்யூப்பில் என்பது கண்பாவை. இந்தக் கடைசிச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. பாவை என்றால் பொம்மை. ப்யூப்பில் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் சின்னப் பொம்மை என்றுதான் பொருள். இங்கே டெல்லியில் ஹிந்தி டீச்சர் கண்பாவைக்குச் சொல்லித் தரும் 'புத்லீ'யும் பொம்மையே. எதிரில் இருப்பவர் கண்ணை உற்றுப் பார்த்தால் நம் உருவம் குட்டிப் பொம்மையாகத் தெரிகிறதல்லவா? மூன்று மொழிக்காரர்களுக்கும் அது கண்ணில் பட்டிருக்கிறது.

இனி வெளிச்சம் போகும் வழி. நம் கண் ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. அதன் முன்புறம் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது கார்னியா. வெளிச்சம் பெருமளவு வளைவது இங்கேதான், லென்ஸில் அல்ல. பரீட்சையில் இதைத் தவறாக எழுதும் பிள்ளைகள் ஏராளம், ஆகவே அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது கண்பாவை, வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும் துவாரம். அதற்குப் பின்னால் லென்ஸ். அதைச் சுற்றியுள்ள தசைகள் லென்ஸின் பருமனைக் கூட்டியும் குறைத்தும், கிட்டத்தில் உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் தெளிவாகக் காட்டுகின்றன. நாற்பது வயதுக்கு மேல் லென்ஸின் நெகிழ்வு குறைந்துபோகிறது. அப்பா செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பது இதனால்தான்.

பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது. "அப்படியானால் உலகம் ஏன் தலைகீழாகத் தெரியவில்லை?" என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. பார்ப்பது மூளை. விழித்திரையில் விழும் படத்தை வேறு யாரும் உள்ளே உட்கார்ந்து பார்ப்பதில்லை. வரும் செய்திகளைக்கொண்டு மேல் எது கீழ் எது என்று மூளை பொருள் செய்துகொள்கிறது. ஒரு கண்ணின் விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை உணரும் குச்சி உயிரணுக்கள் சுமார் 12 கோடியும், நிறத்தை உணரும் கூம்பு உயிரணுக்கள் சுமார் 60 லட்சமும் இருக்கின்றன. ஆனால் மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ சுமார் 10 லட்சம்தான். ஆகவே விழித்திரையே செய்தியைச் சுருக்கி அனுப்புகிறது என்பது கணக்கிலிருந்தே தெரியும்.

இப்போது தாளை எடுங்கள். இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதற்கு நேராக வலது பக்கம், 8 சென்டிமீட்டர் தள்ளி, மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பாருங்கள். பார்வையை நகர்த்தாமல் தாளைக் கை நீட்டிய தூரத்திலிருந்து மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் மறுபடி தோன்றும். சரியாக வராவிட்டால் பார்வை புள்ளியின் பக்கம் ஓடிவிட்டது என்று பொருள், திரும்பச் செய்யுங்கள்.

1660-களில் மாரியோட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டறிந்த குருட்டுப் புள்ளி இது. பார்வை நரம்பு விழித்திரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடம். அந்த இடத்தில் குச்சியும் இல்லை, கூம்பும் இல்லை. புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா என்று கவனித்தீர்களா? தெரியாது. சுற்றியிருக்கும் வெள்ளைத் தாளைக்கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பிறந்தது முதல் நிரப்பிக்கொண்டேதான் இருக்கிறது.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பையன் கேட்டான்: "ஸார், நரம்பு ஏன் முன்னாடி வந்து, அப்புறம் ஓட்டை போட்டு வெளிய போகணும்? நேரா பின்னாடியே போகக் கூடாதா?"

நல்ல கேள்வி. நம் விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் உயிரணுக்கள் பின்வரிசையில் இருக்கின்றன. அவற்றின் செய்தியை எடுத்துச் செல்லும் நரம்புகள் முன்வரிசையில், வெளிச்சம் வரும் பக்கம் இருக்கின்றன. டி.வி. பெட்டிக்கு முன்னால் கேபிளைத் தொங்கவிட்டு, பிறகு திரையில் ஓட்டை போட்டு அதைப் பின்னால் இழுத்த மாதிரி. இதற்கான விடை இன்றைய கண்ணில் இல்லை, கண் வந்த வழியில் இருக்கிறது. அதாவது பரிணாமத்தில்.

இங்கே பாடப்புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. நான் பாடம் நடத்திய காலத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் இருந்தது. கொரோனாவுக்குப் பின் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. பல பகுதிகளை விலக்கியது. 2023-ல் அச்சாகி வந்த புத்தகத்தில் அந்தப் பாடத்தின் தலைப்பு 'பாரம்பரியம்' என்று மட்டும் இருந்தது. பரிணாமப் பகுதி இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று கையெழுத்திட்டுக் கேட்டார்கள். 12-ஆம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது கிடைத்த பதில். பன்னிரண்டில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு அது சரி. காமர்ஸ் எடுக்கும் பெண்ணும், கம்ப்யூட்டர் எடுக்கும் பையனும் அதை எங்கே படிப்பார்கள்? தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத கிருமிகள் ஏன் பெருகுகின்றன என்பதும் பரிணாமம்தான். அது காமர்ஸ் படித்தவர் வீட்டுக்கும் வரும். "போர்ஷன்ல இல்லையே ஸார், எதுக்கு?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அவர் பையன்தான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டவன்.

விடைக்கு வருவோம். ஆக்டோபஸ் தெரியுமல்லவா? ஊரில் கடற்கரைப் பக்கம் பேய்க்கணவாய் என்பார்கள். அதற்கும் நம்மைப் போலவே லென்ஸ், கண்பாவை, விழித்திரை எல்லாம் வைத்த கண் உண்டு. ஆனால் அதன் விழித்திரையில் உணரும் உயிரணுக்கள் முன்னால், நரம்புகள் பின்னால். குருட்டுப் புள்ளியே கிடையாது. காரணம், கருவில் இரண்டு கண்களும் உருவாகும் விதம் வேறு. ஆக்டோபஸின் கண் தோலிலிருந்து உள்நோக்கி மடிந்து உண்டாகிறது. நம் விழித்திரையோ மூளையிலிருந்து வெளிநோக்கி நீண்டு, பிறகு கிண்ணம்போல் மடிந்து உண்டாகிறது. அப்படி மடியும்போது உணரும் பக்கம் பின்னால் போய்விடுகிறது. நம் அமைப்பால் லாபமே இல்லை என்றும் சொல்லமாட்டேன்: உணரும் உயிரணுக்கள் ரத்த ஓட்டம் மிகுந்த படலத்தை ஒட்டி இருப்பதால் அவற்றுக்குப் போஷாக்கு நன்றாகக் கிடைக்கிறது. ஆனாலும் முதுகெலும்புள்ள பிராணிகள் அனைத்துக்கும், மீன் முதல் மனிதன் வரை, இதே தலைகீழ் அமைப்பு இருப்பது தற்செயல் அல்ல. ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்து அது.

மீன் என்றதும் இன்னொன்று. மீன் தலை வாங்கும் வீடுகளில் அதன் கண் லென்ஸை எடுத்துப் பாருங்கள். முத்துப்போல் உருண்டையாக இருக்கும். நல்ல புது மீனாக இருந்தால் அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து பெரிதாகவும் தெரியும். (சைவக் குடும்பத்தார் இதைப் படித்ததோடு விட்டுவிடலாம்.) நம் லென்ஸ் தட்டை, மீனின் லென்ஸ் உருண்டை, ஏன்? கார்னியாவும் தண்ணீரும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பவை. ஆகவே தண்ணீருக்குள் கார்னியாவால் பயனில்லை. முழு வேலையும் லென்ஸ் செய்யவேண்டும். தரைக்கு வந்த பிறகுதான், எதிரில் காற்று இருப்பதால், கார்னியா முக்கிய லென்ஸாயிற்று. நீச்சல் குளத்தில் கண்ணைத் திறந்தால் நமக்கு எல்லாம் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான்.

"இவ்வளவு நுட்பமான கண் படிப்படியாக எப்படி வரும்? பாதிக் கண்ணால் என்ன பயன்?" இது பழைய கேள்வி. 1859-ல் வெளியான தன் நூலில் டார்வினே இதை எழுப்பிக்கொண்டு விடையும் சொன்னார். பாதிக் கண்ணுக்கும் பயன் உண்டு. அத்தகைய கண்கள் இன்றும் உயிருடன் இருக்கின்றன. பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்குச் சிறு கிண்ணம் போன்ற கண். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும், இருட்டில் ஒளிந்துகொள்ள அது போதும். நாட்டிலஸ் என்ற கடல் பிராணிக்கு ஊசித்துளைக் காமிரா போன்ற கண். லென்ஸ் இல்லை, மங்கலாக உருவம் தெரியும். அதன் தூரத்து உறவான ஆக்டோபஸுக்கு லென்ஸும் வந்துவிட்டது. 1994-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் நில்சன், பெல்கர் இருவரும் கணக்குப் போட்டார்கள். தட்டையான உணர்வுத் தோலிலிருந்து மீன் கண் போன்ற ஒன்று வர, ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சிறிய மாற்றமே நிகழ்வதாக வைத்துக்கொண்டாலும், 4 லட்சம் தலைமுறைக்கும் குறைவாகவே போதும் என்று கண்டார்கள். சிறு கடல் பிராணிகளுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. பூமியில் உயிர்களின் வயதோ 350 கோடி ஆண்டுக்கும் மேல்.

கண் வருவது போலவே போவதும் உண்டு. மேகாலயாவில் ஜெயந்தியா மலைக் குகை ஒன்றில் வாழும் மீன் 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்கிறது. 2023-ல் அதற்குத் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். அதன் கண் மிகவும் சிறுத்தோ, வெளியே தெரியாமலோ இருக்கிறது. "உபயோகிக்கலேன்னா தேஞ்சு போயிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அது சரியான விளக்கம் அல்ல. அப்பா கண்ணில் லேசர் ஆபரேஷன் செய்துகொண்டதால் பிறக்கும் குழந்தைக்குப் பார்வை கூடுகிறதா என்ன? நடப்பது வேறு. வெளிச்சத்தில் வாழும் மீனுக்குக் கண்ணுக்கான ஜீனில் பழுது வந்தால், அது இரையைக் காணாமலும் எதிரிக்கு இரையாகியும் சந்ததியின்றிப் போகும். இருட்டுக் குகையில் அந்தப் பழுதால் நஷ்டமில்லை. கண்ணையும் அதற்கான மூளைப் பகுதியையும் வளர்க்கும் சக்தி மிச்சமாவதால் லாபம்கூட உண்டு. ஆகவே பழுது பரவுகிறது.

இதற்கு மெக்சிகோவிலுள்ள குகை மீன்களிடம் அழகான சான்று கிடைத்தது. அங்கே வெவ்வேறு குகைகளில் ஒரே இனத்தைச் சேர்ந்த குருட்டு மீன்கள் இருக்கின்றன. ஒரு குகையின் மீனை இன்னொரு குகையின் மீனோடு இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கண் தெரிந்தது! தாயும் குருடு, தந்தையும் குருடு, பிள்ளைக்குப் பார்வை. எப்படி?

பிள்ளைகளே, உங்கள் புத்தகத்தில் இருக்கும் மெண்டல் பாடத்தைக்கொண்டே இதைப் போட்டுவிடலாம். கண் வளர பல ஜீன்கள் வேண்டும். நமக்கு இரண்டு போதும், 'க', 'ண' என்று வைத்துக்கொள்வோம். முதல் குகையில் 'க' பழுது, 'ண' சரி. இரண்டாம் குகையில் 'க' சரி, 'ண' பழுது. குஞ்சுக்கு ஒவ்வொரு ஜீனும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பழுது ஒடுங்கு பண்பு. சரியானது ஓங்கு பண்பு. ஆகவே 'க'வில் ஒன்றாவது சரி, 'ண'வில் ஒன்றாவது சரி. கண் வளர்ந்துவிட்டது. இரண்டு குகைகளிலும் பார்வை தனித்தனியாக, வெவ்வேறு பழுதுகளால் போயிருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பாரம்பரியத்தைப் படித்தவருக்குப் பரிணாமம் அடுத்த வீடுதான். நடுவில் இருந்த கதவை மூடியிருக்கிறார்கள், அவ்வளவே.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "அப்போ நாமெல்லாம் கொரங்குலேர்ந்து வந்தோம்னு சொல்றேளா?" என்று கேட்டார். இன்றிருக்கும் குரங்கிலிருந்து இல்லை, பாட்டி. அதற்கும் நமக்கும் ஒரு பொதுவான மூதாதை இருந்தது. சித்தப்பா பிள்ளையிடமிருந்து யாரும் பிறப்பதில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர், அது மாதிரி. பாட்டி சற்று யோசித்துவிட்டு, "தாயாதின்னு சொல்லுங்கோ" என்றார். நாற்பது நிமிஷம் நான் பேசியதை விட அது வகுப்பில் நன்றாக நின்றது.

அடுத்த இதழுக்குள் விடை எழுதி அனுப்பவேண்டிய கேள்விகள், தமிழிலோ ஆங்கிலத்திலோ:

1. குருட்டுப் புள்ளிச் சோதனையை இடது கண்ணுக்குச் செய்யவேண்டுமானால் புள்ளி எந்தப் பக்கம் இருக்கவேண்டும்?

2. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் புள்ளி ஏன் மறைவதில்லை?

3. ஒரே குகையைச் சேர்ந்த இரண்டு குருட்டு மீன்களுக்குப் பிறக்கும் குஞ்சுக்குக் கண் தெரியுமா? 'க', 'ண' போட்டுக் காட்டுக.

4. கோழிக்குக் குருட்டுப் புள்ளி உண்டா? கோழியைப் பிடித்துச் சோதிக்காமல் விடை சொல்லவேண்டும்.